அகஸ்டா பேக்கர் போட்ட பட்டியல்

அகஸ்டா பேக்கரைக் கதைசொல்லி என்றே அமெரிக்க நூலக உலகம் கொண்டாடுகிறது. கதை சொல்வதில் அவர் பெரும் தேர்ச்சி பெற்றவர்தான். ஆனாலும் அவருடைய பணிகளில் காலத்தை மாற்றியது அவர் போட்ட புத்தகப் பட்டியல் என்பேன். 1911இல் பால்டிமோரில் பிறந்த அவர், 1937இல் நியூயார்க் பொது நூலகத்தின் கிளைகளில், கறுப்பினத்தவர் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் 135ஆம் தெருக் கிளையில் குழந்தைகள் நூலகரானார். கறுப்பின வரலாற்றைத் தேடித் திரட்டிய ஆர்த்துரோ ஷோம்பர்க்கின் சேகரிப்பை நூலகம் 1926இல் விலைக்கு வாங்கி வைத்திருந்த கிளை அது. பெரியவர்களுக்கு அங்கே தங்கள் முன்னோரைப் பற்றிப் படிக்க முடிந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கோ, கறுப்பினத்தவரைக் கோமாளியாகவும் எடுபிடியாகவும் காட்டிய புத்தகங்களே பெரும்பாலும் கிடைத்தன. அன்று அமெரிக்காவில் மிகவும் பரவியிருந்த 'லிட்டில் பிளாக் சாம்போ' சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஹெலன் பேனர்மன் எழுதி 1899இல் வெளிவந்தது. புலியும் நெய்யும் வருகிற அந்தக் கதையை அமெரிக்கப் பதிப்பாளர்கள் பலர் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் படங்களோடு அச்சிட்டு விற்றார்கள் என்பதை நாமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1939இல் பேக்கர் அந்தக் கிளையில் கறுப்பினக் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் நினைவாகக் குழந்தை நூல் தொகுப்பொன்றைத் தொடங்கினார். ஒரு நூலைச் சேர்ப்பதற்கு முன் அதன் மொழி, பொருள், படங்கள் மூன்றையும் எடைபோட்டார். அப்படித் தேறியவற்றின் பட்டியல் 1946இல் அச்சாகி வந்தது. இது தணிக்கையாகாதா என்று கேட்கலாம். எந்த நூலகமும் தேர்ந்தெடுத்துத்தான் வாங்குகிறது. வெள்ளைக் குழந்தையை மட்டும் மனத்தில் வைத்து நடந்த தேர்வை அதுவரை யாரும் தணிக்கை என்று சொல்லவில்லை. பேக்கர் தம் அளவுகோலை வெளிப்படையாக வைத்தார். எதை வாங்குவது என்று மற்ற நூலகர்களுக்குத் தெரிந்தது. எப்படிப்பட்ட நூலுக்கு இடம் காத்திருக்கிறது என்று பதிப்பாளர்களுக்கும் தெரிந்தது. பிள்ளைகளை அவரவர் இனத்துக்குள்ளேயே அடைத்துவிடும் ஏற்பாடு இது என்ற வாதமும் நிற்காது. 1955இல் அவர் தொகுத்த 'தி டாக்கிங் ட்ரீ' பதினைந்து நாடுகளின் கதைகளைக் கொண்டது.

இன்னொரு மறுப்பு வலுவானது. 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளியான 5,206 குழந்தை நூல்களை ஆராய்ந்த கல்வியாளர் நான்சி லேரிக், ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றவை 6.7 சதவீதமே என்று 1965இல் எழுதினார். பட்டியல் வந்து ஏறத்தாழ இருபதாண்டு கழித்தும் இந்த நிலை என்றால் அதனால் என்ன பயன்? பட்டியல் புத்தகம் எழுதாது, உண்மை. ஆனால் இல்லாத புத்தகத்துக்காக ஏங்கும் வாசகர்களையும், அதைக் கேட்டு வாங்கும் நூலகர்களையும் அது உருவாக்கியது. அலமாரி நிறையும்வரை அந்த இடைவெளியைக் கதை சொல்லி நிரப்பினார் பேக்கர். அவருடைய கதைசொல்லலையும் பட்டியலையும் ஒரே பணியாகப் பார்ப்பதே பொருத்தம். 1961இல் நியூயார்க் பொது நூலகக் கிளைகள் அனைத்தின் குழந்தைகள் சேவைக்கும் அவர் பொறுப்பேற்றார். ஹார்லெமில் ஒரு கிளையில் பிறந்த அளவுகோல் அதன்பின் நூலகம் முழுமைக்கும் உரியதாயிற்று. 1971இல் 'குழந்தை நூல்களில் கறுப்பின அனுபவம்' என்ற புதிய தலைப்பில் பட்டியல் வந்தது. 1974இல் பேக்கர் ஓய்வுபெற்ற பிறகும் அதே தலைப்பில் திருத்திய பதிப்புகளை நூலகம் தொடர்ந்து வெளியிட்டது.