பொது சுகாதாரத்தில் பண்புசார் ஆய்வு

நோயையும் நலத்தையும் மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள், சுகாதார அறிவுரையை ஏன் ஏற்கிறார்கள், ஏன் தள்ளுகிறார்கள் என்பதை நேர்காணல், களத்தில் தங்கிக் கவனித்தல், குழு உரையாடல் வழியே அறியும் ஆய்வுமுறை.

இதன் வேர்கள் 19ஆம் நூற்றாண்டில் உள்ளன. 1848இல் மேல் சிலேசியாவில் டைபஸ் பரவியபோது பிரஷ்ய அரசு அனுப்பிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, அம்மக்களின் வீடு, உணவு, வறுமை அனைத்தையும் நேரில் கண்டு எழுதினார். கல்வியும் அரசியல் உரிமையுமே தீர்வு என்றார். 1854இல் லண்டனின் சோஹோவில் காலரா வந்தது. அதைப் பற்றி மருத்துவர் ஜான் ஸ்னோ வரைந்த வரைபடம் புகழ்பெற்றது. அவர் ஆட்களைத் தேடிப்போய் விசாரித்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தொலைவிலிருந்த ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு பெண் காலராவால் இறந்தார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் நோயில்லை. மகனைக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது: சோஹோவின் பிராட் தெரு அடிபம்புத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். இறப்புப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் இது கிடைத்திருக்காது.

20ஆம் நூற்றாண்டில் மானிடவியலாளர்கள் களப்பணியை முறைப்படுத்தினர். 1955இல் பெஞ்சமின் பால் தொகுத்த நூலில், பெரு நாட்டின் லோஸ் மோலினோஸ் என்ற ஊரைப் பற்றி எட்வர்ட் வெலின் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல். சுகாதாரப் பணியாளர் ஒருவர் இரண்டாண்டுகள் வீடு வீடாகப் போய், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். ஏறத்தாழ 200 குடும்பங்களில் புதிதாக அப்படிச் செய்யத் தொடங்கியவை 11 மட்டுமே. காய்ச்சிய நீர் நோயாளிக்கு உரியது என்பது அவ்வூர் வழக்கம். பச்சைத் தண்ணீர் 'குளிர்ச்சி', காய்ச்சினால் அது போய்விடும். உணவில் சூடு, குளிர்ச்சி பார்க்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். அறியாமை என்று ஒதுக்கியிருந்தால் அந்தக் காரணம் வெளிவந்தே இருக்காது.

1967இல் சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் முறையை வகுத்தனர். மருத்துவமனைகளில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடையே அவர்கள் செய்த ஆய்வே அதற்கு அடிப்படை. எய்ட்ஸ் காலத்தில் இத்தகைய ஆய்வின் தேவை கூடியது. 2007இல் நேர்காணல், குழு உரையாடல் ஆய்வுகளை அறிக்கையிட 32 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் வெளியானது.

மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவரின் உடலைக் கழுவித் தொட்டு வழியனுப்பும் சடங்குகளைத் தடுத்ததால் மக்கள் நோயாளிகளை மறைத்தனர். மானிடவியலாளர்களையும் சமயத் தலைவர்களையும் கலந்து, 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் புதிய அடக்க நெறிமுறையை வெளியிட்டது. குடும்பத்தாரின் சம்மதம் பெறாமல் அடக்கத்தைத் தொடங்கக் கூடாது என்கிறது அது.