தீர்ப்புக் கூறாத நடுவர்

மதுரை மாநகரைச் சூழ்ந்துள்ள குன்றுகளுள் சமணர்மலை கீழக்குயில்குடிக்கு அருகில் உள்ளது. அங்குச் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் அருகர் திருவுருவங்கள் பாறையிற் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை.

இக்காலக் கணக்கு சிந்தனைக்குரியது. மதுரையில் அனல்வாதமும் புனல்வாதமும் நிகழ்ந்தன என்றும், தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர் என்றும் பெரியபுராணம் கூறும். அக்கதை சுட்டும் காலம் 7ஆம் நூற்றாண்டு. அது வரலாற்று நிகழ்ச்சிதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் இம்மலையில் அருகர் உருவங்கள் அமைக்கப்பட்டமைக்குக் கல்லே சான்று. ஒருவர் வெல்ல மற்றவர் அழியும் வாதத்தின் நினைவையும், மாறுபட்டோர் அருகருகே வாழ்ந்ததன் சான்றையும் மதுரை ஒருங்கே தாங்கி நிற்கிறது.

மாறுபட்டோர் கூடி வாழ்வதற்குச் சமணம் வழங்கிய கொள்கை அநேகாந்தம். ஒரு பொருளுக்கு இயல்புகள் பல. ஒருவர் காண்பது அவற்றுள் ஒரு பக்கமே. பிறரை அவரவர் நிலையில் நின்று மதிப்பிட இக்கொள்கையே தமக்குக் கற்பித்தது என்னும் கருத்தைக் காந்தியடிகள் 1926இல் 'யங் இந்தியா' இதழில் எழுதினார். அவர் கனவு கண்ட சாந்திசேனை பின்னாளில் இச்சமவெளியிலும் கால்கொண்டது. டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் அன்றைய மதுரை மாவட்டத்தில் நிறுவிய காந்திகிராமத்தில் மாணவர்க்குச் சாந்திசேனைப் பயிற்சி அளிக்கப்பட்டது. படைக்கலமின்றி அமைதி காக்க இளைஞரை ஆயத்தப்படுத்துவதே அதன் நோக்கம்.

இவ்வறப்பணி பின்னர் நீதிமன்றத்திலும் இடம்பெற்றது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002இல் நடைமுறைக்கு வந்தது. 2005 ஏப்ரல் 9ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தில் தமிழ்நாடு சமரசத் தீர்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய நீதிமன்றங்களுடன் இணைந்த இத்தகைய மையங்களுள் இதுவே முதலாவது. அதனை உருவாக்கியவருள் மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு முதன்மையானவர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் சமரசப் பணி நடைபெறுகிறது.

சமரசராக விரும்புவோர் நாற்பது மணி நேரப் பயிற்சி பெறவேண்டும். நாட்டாண்மையின் சொல் ஊர்க்குக் கட்டளை. நீதிபதியின் சொல் சட்டத்தின் ஆணை. சமரசர்க்கோ அத்தகைய அதிகாரம் எதுவும் இல்லை. இருதிறத்தாரையும் ஒருங்கே அமர்த்திக் கேட்டலும், தனித்தனியே அழைத்துக் கேட்டலும், கேட்டதை மறைபொருளாகக் காத்தலுமே அவர்தம் கருவிகள். ஒரு கண்மாய் நீருக்கு மேல்மடையாரும் கீழ்மடையாரும் பூசலிடுவதாகக் கொள்வோம். "எவ்வளவு வேண்டும்?" என்று கேட்பின் வழக்கு வளரும். "எதற்காக, எப்பொழுது வேண்டும்?" என்று கேட்பின், ஒருவர்க்கு நாற்று நடவுக்கும் மற்றவர்க்குக் கதிர் முற்றுவதற்கும் நீர் தேவை என்பது புலப்படலாம். அந்நிலையில் முறைவைத்துப் பாய்ச்ச வழி பிறக்கும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. அயோத்தி வழக்கில் 2019 மார்ச் 8ஆம் நாள் உச்சநீதிமன்றம் அமைத்த மூவர் குழுவில், காரைக்குடியைச் சேர்ந்த நீதியரசர் கலிபுல்லா தலைவராகவும் ஸ்ரீராம் பஞ்சு உறுப்பினராகவும் இருந்தனர். அனைவரும் ஏற்கும் உடன்பாடு எட்டப்படவில்லை. நவம்பர் 9ஆம் நாள் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பிணங்கியோர் இசைந்தாலன்றி எத்தகைய திறனாளராலும் இணக்கம் காண இயலாது. அங்ஙனம் இசைந்து ஏற்ற உடன்பாட்டிலோ தோற்றவர் என்று எவரும் இல்லை. வழக்கு முடிந்த பின்னும் உறவு எஞ்சுகிறது.

2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டம், ஓர் ஊரின் அமைதியைக் குலைக்கக்கூடிய பூசல்களை மூவர் கொண்ட சமரசர் குழுவிடம் ஒப்படைக்க இடமளிக்கிறது. கல்வியும் பொறுமையும் வாய்ந்த சமண இளைஞர்க்கும் ஓய்வுபெற்ற பெரியோர்க்கும் ஏற்ற பணி இது. பங்காளிகளிடையே சொத்துப் பிணக்கும், ஊர்ப் பொதுவில் நிர்வாகப் பிணக்கும் எழாத சமூகம் இல்லை. தசலட்சணப் பருவம் நிறைவுற்றதும் க்ஷமாவாணி நாளில் ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுவது சமணர் மரபு. பேசாதிருக்கும் உடன்பிறந்தாரின் வாயிலுக்கு அந்நாளில் முதலிற் செல்பவர், வழக்கின் பாதியைத் தீர்த்துவிடுகிறார்.