பொம்மையின் எடை

நெடுங்காலம் சிறுமியர் மடியில் இருந்தவை பெரும்பாலும் குழந்தைப் பொம்மைகளே. தாலாட்டுவதும் உடை மாற்றுவதுமே விளையாட்டு. அமெரிக்காவில் மட்டெல் நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான ரூத் ஹாண்ட்லர், தம் மகள் பார்பரா வளர்ந்த பெண்களின் காகித உருவங்களை வைத்து விளையாடுவதைக் கவனித்தார். சிறுமி தன் எதிர்காலத்தை நடித்துப் பார்க்கத் தாயல்லாத வேறு உருவங்களும் வேண்டும் என எண்ணினார். அந்த நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை.

ஆனால் அவ்வெண்ணத்திற்குக் கிடைத்த உடல் எங்கிருந்து வந்தது? 1956இல் சுவிட்சர்லாந்துப் பயணத்தில் அவர் கண்ட 'லில்லி' என்னும் ஜெர்மானியப் பொம்மையிலிருந்து. செய்தித்தாள் கேலிச்சித்திரத்தில் பிறந்த லில்லி, முதலில் வளர்ந்த ஆண்களின் வேடிக்கைப் பொருளாகவே விற்கப்பட்டது. அவ்வடிவைத் தழுவிய பார்பி, 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. ஆடவர் கண்ணுக்கென வார்த்த இடை சிறுமியரின் அளவுகோலாயிற்று.

1965இல் வந்த பார்பித் தொகுப்பு ஒன்றில் சிறு எடைக்கருவி இருந்தது. அது காட்டியது எப்போதும் 110 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 50 கிலோ. எடை குறைக்கும் வழி கூறும் குட்டி நூலும் உடனிருந்தது. உண்ணாதே என்பதே அதன் அறிவுரை. பொம்மைகள் நம்மைவிடச் சுருக்கமாகவே மறையுரை ஆற்றுகின்றன! உயரமும் பருமனும் வேறுபட்ட பார்பிகள் வர 2016 வரை ஆயிற்று.

1970இல் ரூத்துக்கு மார்புப் புற்றுநோய் கண்டு, ஒரு மார்பகம் அகற்றப்பட்டது. கடைகளில் கிடைத்த செயற்கை மார்பகங்கள் மனத்துக்கு ஒவ்வாமையால், இடம் வலம் எனத் தனித்தனியே அமைந்தவற்றைத் தாமே செய்வித்தார். கடைகளுக்கு நேரில் சென்று, தம்மைப் போன்ற பெண்களுக்கு அவற்றைப் பொருத்தியும் உதவினார். அவற்றிற்கு அவர் இட்ட பெயர் 'நியர்லி மீ'. ஏறத்தாழ நான் என்பது அதன் பொருள்.