கண்சார் தலைச்சாய்வு (குழந்தைகள்)

கண்சார் தலைச்சாய்வு என்பது, கழுத்தில் குறை ஏதும் இல்லாதபோதும், பார்வையை ஒற்றையாகவோ தெளிவாகவோ வைத்துக்கொள்ளக் குழந்தை தலையை ஒருபக்கம் சாய்த்தோ திருப்பியோ, மோவாயை உயர்த்தியோ தாழ்த்தியோ பிடித்துக்கொள்ளும் நிலை. வீட்டில் இதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து வழிப்பதும், கெட்ட பழக்கம் என்று அதட்டுவதும் உண்டு. இரண்டாலும் பயனில்லை. சாய்த்தால்தான் அந்தப் பிள்ளைக்குப் பொருள் ஒன்றாகத் தெரிகிறது.

இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம் கண்ணின் மேற்சாய்தசையில் பிறவியிலேயே உள்ள பலவீனம். ஒவ்வொரு கண்ணையும் அசைக்கும் ஆறு தசைகளில் ஒன்றான இது, கண்ணைக் கீழே இறக்குவதோடு அதன் உச்சியை மூக்குப் பக்கமாகச் சுழற்றவும் செய்கிறது. இதை இயக்கும் நான்காம் மூளை நரம்பு, மூளை நரம்புகளிலேயே மிக மெல்லியது. மூளைத்தண்டின் பின்புறத்திலிருந்து வெளிவருவது இது ஒன்றே. தசை தளர்ந்தால் அந்தக் கண் சற்று மேலேறி நிற்கும், இரு கண்ணின் காட்சியும் ஒன்றோடொன்று பொருந்தாது. எனவே வலக்கண்ணில் இக்குறை உள்ள குழந்தை தலையை இடத்தோள் பக்கம் சாய்த்து, தளர்ந்த தசையின் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. அதே தலையை மருத்துவர் வலத்தோள் பக்கம் சாய்த்தால் வலக்கண் மேலேறுவது நன்றாகத் தெரியும். ஜெர்மானியக் கண் மருத்துவர் ஆல்ஃபிரெட் பீல்ஷோவ்ஸ்கியின் பெயரால் வழங்கும் இச்சோதனையையும் சேர்த்து, எந்தத் தசை தளர்ந்துள்ளது என்று மூன்று படிகளில் கண்டறியும் முறையை மார்ஷல் பார்க்ஸ் 1958இல் வெளியிட்டார்.

தலை எப்போது சாயத் தொடங்கியது என்பது முக்கியமான துப்பு. கழுத்துத் தசை இறுகியதால் வரும் சாய்வு பிறந்த சில வாரங்களிலேயே தெரியும். கழுத்தில் சில சமயம் கட்டி தட்டுப்படும், தலையை மறுபக்கம் திருப்பினால் தடுக்கும். கண்சார் சாய்வோ பெரும்பாலும் தலை நின்று, குழந்தை உட்காரப் பழகும் காலத்தில்தான் கண்ணில் படும். கழுத்து எந்தப் பக்கமும் தடையின்றித் திரும்பும். படுத்து உறங்கும்போது சாய்வு இராது. ஒரு கண்ணை மூடிவிட்டால் தலை தானாக நிமிர்வது வலுவான அடையாளம். இரட்டைக் காட்சிக்கு இடமில்லாதபோது சாய்க்கத் தேவையில்லை. ஆனால் பல ஆண்டுகள் சாய்ந்தே இருந்தால் கழுத்துத் தசையும் இறுகிவிடும். அப்போது கண்ணை மூடினாலும் தலை முழுதும் நிமிராது, சாய்ந்த பக்கத்து முகமும் சற்றுச் சிறுத்திருக்கும்.

முகத்தை ஒருபக்கம் திருப்பிப் பார்க்கும் குழந்தைகளில் டுவேன் நோய்க்குறியை நினைக்க வேண்டும். இதில் கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாம் நரம்பு பிறவியிலேயே சரியாக அமைவதில்லை. கண்ணை மூக்குப் பக்கம் திருப்பும்போது அது உள்ளிழுக்கப்பட்டு, இமையிடைவெளி குறுகும். இடக்கண்ணிலும் பெண் குழந்தைகளிடமும் இது மிகுதி. கண்மணிகள் ஓயாமல் ஆடும் பிள்ளைகளும் முகத்தைத் திருப்புவார்கள். பார்வை ஏதோ ஒரு கோணத்தில் நிற்கும்போது அவர்களின் ஆட்டம் மிகக் குறைந்து எழுத்து தெளிகிறது. அந்தக் கோணத்தை அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதை நேர்ப்பார்வைக்குக் கொண்டுவரும் அறுவை முறைகளை ஆண்டர்சனும் கெஸ்டன்பாமும் 1953இல் தனித்தனியே வெளியிட்டனர். ஒரு கண்ணை மூடிப்பார்க்கும் சோதனை இவர்களிடம் பலன் தராமல் போகலாம். இமைகள் தொங்கினால் மோவாய் உயரும். கண்ணாடி போடாத சிதறல் பார்வையும் சில நேரம் தலையைச் சாய்க்க வைக்கும்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது: சிலருக்குக் கண்ணாடி போதும், சிலருக்குக் கண் தசை அறுவை தேவைப்படும். சிகிச்சை எதுவும் இல்லாமல் சாய்வு தானாக மறைந்தால் குணமாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. தலை சாய்ந்திருந்தவரை குழந்தை இரு கண்ணையும் சேர்த்துப் பயன்படுத்தி வந்தது. மூளை ஒரு கண்ணைப் புறக்கணிக்கத் தொடங்கியதால் சாய்வு நின்றிருக்கலாம். அந்தக் கண் சோம்பற்கண்ணாகிப் பார்வை மங்கும்.

இதுவரை நேராக இருந்த தலை திடீரென்று சாய்ந்தால் நிலைமை வேறு. கூடவே தலைவலி, காலை வாந்தி, நடையில் தள்ளாட்டம், புதிதாகத் தோன்றிய மாறுகண் இருந்தால் பின்மூளைக் கட்டியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறவிச் சாய்வையும் புதிய சாய்வையும் பிரித்தறிய மருத்துவர் முதலில் கேட்பது பழைய படங்களைத்தான். முதல் பிறந்தநாள் படமும் அதற்கு முந்தைய கைபேசிப் படங்களும் இருந்தால் பெற்றோர் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும்.