வட்டி ஏற்ற இறக்கமும் வீடு வாங்கும் காலமும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நோக்கில் ஓர் ஆய்வு

வீட்டுக்கடன் வட்டி இறங்கட்டும் என்று காத்திருப்பது பயன் தருமா என்பது, அது நிலை வட்டியா மாறும் வட்டியா என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 30 ஆண்டு நிலை வட்டிக் கடனே பெருவழக்கு. அங்கே காலம் பார்ப்பதற்குப் பொருளுண்டு. இந்தியாவில் வங்கிகள் புதிதாக வழங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் 2019 அக்டோபர் 1 முதல் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தரும் குறுகியகாலக் கடனின் வட்டி) போன்ற புற அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளன. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் வட்டி திருத்தப்படுகிறது. நாளைய குறைப்பு இன்றைய கடன்தாரருக்கும் கிடைக்கும். எனவே வீடு வாங்கும் காலத்தை வட்டியின் போக்கு அல்ல, தவணையைத் தாங்கும் வருமானமும் மனையின் ஆவணத் தெளிவுமே தீர்மானிக்க வேண்டும்.

அண்மை வரலாறு இதற்குச் சான்று. 2022 மே தொடக்கத்தில் 4.00 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதமானது, 2025இல் நான்கு முறை குறைக்கப்பட்டு டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. 20 லட்சம் ரூபாயை 20 ஆண்டுக்கு 7 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 15,506 ரூபாய். வட்டி 9.5 சதவீதமானால், அந்த 20 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 15,833 ரூபாய். பழைய தவணை வட்டிக்கே போதாது. இத்தகைய நிலையை முன்னிட்டே, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, நிலை வட்டிக்கு மாறுவதா எனத் தெரிவு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தருமாறு 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பணித்தது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. 8.5 சதவீத வட்டியில் 20 லட்சத்துக்கான தவணை, 7.5 சதவீதத்தில் ஏறத்தாழ 21.54 லட்சத்துக்குப் போதும். கைப்பணம் 5 லட்சம் போட்டு 25 லட்சத்துக்கு வீடு வாங்குபவருக்கு, விலை 6 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறினாலே ஒரு சதவீத வட்டிக் குறைப்பின் ஆதாயம் கரைந்துவிடும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டிலும் மனை வாங்கி வீடு கட்டுவோர் பலர். கட்டுமானக் கடன் அடித்தளம், லிண்டல், தளம் எனப் பணி முன்னேற முன்னேறப் பகுதி பகுதியாகவே வெளிவரும். 2025 செப்டம்பர் 22இல் சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது போன்ற மாற்றமும் செலவைத் தொடுகிறது. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்த 9 சதவீதம் பொதுவாகக் கைப்பணத்திலிருந்தே போக வேண்டும். 10 லட்சம் ரூபாய் மனைக்கு அது 90,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.

வருமானத்தின் தன்மையும் முக்கியம். ராஜபாளையம் நூற்பாலைத் தொழிலாளிக்கும், அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்பவருக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வியாபாரிக்கும் ஆர்டரும் பருவமும் வரவை ஏற்றி இறக்கும். இரண்டு சதவீதம் வட்டி கூடினாலும் கட்டக்கூடிய தவணையும், ஆறு மாதத் தவணைக்கான சேமிப்பும் இருந்தால் வாங்கலாம். இல்லையெனில் வட்டி குறைவாக இருந்தாலும் பொறுப்பதே நல்லது.

கடன் வாங்கும் இடத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். வீட்டுவசதி நிதி நிறுவனங்களைப் புற அளவுகோல் விதி கட்டுப்படுத்தாததால், அங்கே ரெப்போ குறைப்பு தாமதமாகவோ குறைவாகவோ வந்து சேரலாம். வங்கிக் கடனிலும் ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல் விகிதத்தையே பேரம்பேச வேண்டும். மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் தனிநபரிடம் அபராதம் வாங்கக்கூடாது என்பதால், வட்டி குறைந்த இடத்துக்குப் பின்னர் மாறவும் வழியுண்டு. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றில் குறையிருந்தால் மட்டும் எந்த வட்டிக் குறைப்பும் அதை ஈடுசெய்யாது. காத்திருக்க அதுவே உறுதியான காரணம்.