நற்பண்புக்குக் கட்டணம்: ஏதென்ஸின் பழைய ஆசிரியத் தொழில்

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏதென்ஸில் ஒரு புதுத் தொழில் கால்கொண்டது. ஊர் ஊராகச் சென்று, கட்டணம் வாங்கிக்கொண்டு இளைஞர்களுக்குப் பேச்சுத்திறனும் நற்பண்பும் கற்பிக்கும் தொழில் அது. அதைச் செய்தவர்கள் சோஃபிஸ்டுகள் எனப்பட்டனர். அவர்களுக்குக் கிராக்கி உண்டானதற்குக் காரணம் அந்நகரின் மக்களாட்சி. பினிக்ஸ் குன்றில் கூடிய மக்கள் சபையில் குடிமகன் எவனும் எழுந்து பேசலாம். நீதிமன்றத்திலோ ஒவ்வொருவரும் தம் வழக்கைத் தாமே வாதாட வேண்டும். தீர்ப்பளித்தவர்கள் குலுக்கல் முறையில் அமர்த்தப்பட்ட சில நூறு குடிமக்கள். அவர்கள் முன் நாக்குழறினால் சொத்து போகும், சில வேளை உயிரும் போகும். குடிப்பிறப்பும் செல்வமும் மட்டும் இனிச் செல்லாது என்று தெரிந்தபோது, வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியர்களைத் தேடத் தொடங்கினர்.

இத்தொழிலில் முன்னோடி அப்தேரா நகரத்துப் புரொட்டகோரஸ். வீட்டையும் நகரத்தையும் செம்மையாக நடத்தும் திறனைக் கற்றுத்தருவதாக அவர் வாக்களித்தார். கேட்ட கட்டணத்தைத் தர மனமில்லாத மாணவன், கோயிலில் சத்தியம் செய்து, கல்விக்குத் தக்கதெனத் தான் கருதும் தொகையைக் கொடுத்தால் போதும் என்பது அவர் வைத்திருந்த ஏற்பாடு. கி.மு. 427இல் சிசிலியிலிருந்து தூதராக வந்த கோர்கியாஸ் சற்று எச்சரிக்கையானவர். பேசக் கற்றுத்தருவேன், நற்பண்புக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்ற நிலையில் நின்றார். புரோடிக்கஸ் என்ற மற்றொரு சோஃபிஸ்டிடம் 50 டிராக்மா சொற்பொழிவும் உண்டு, 1 டிராக்மா சொற்பொழிவும் உண்டு. பாரோஸ் தீவின் எவெனஸ் 5 மினா, அதாவது 500 டிராக்மா வாங்கினார். அந்நாளில் தேர்ந்த கல்தச்சரின் நாட்கூலி ஏறத்தாழ 1 டிராக்மா.

இவர்களை நேரில் காட்டும் இடம் பிளேட்டோவின் ‘புரொட்டகோரஸ்’ உரையாடல். காலியாஸ் என்ற செல்வரின் வீட்டில் மூன்று சோஃபிஸ்டுகள் ஒரே நேரத்தில் தங்கியிருக்கிறார்கள். கூட்டம் தாங்காமல், பண்டசாலையாக இருந்த அறையை ஒழித்துப் புரோடிக்கஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர் ஆட்டுத்தோலும் கம்பளியும் போர்த்திப் படுக்கையில் இருந்தபடியே பாடம் நடத்துகிறார். புரொட்டகோரஸ் தாழ்வாரத்தில் உலாவுகிறார். அவர் திரும்பும்போதெல்லாம் பின்தொடரும் மாணவர் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிறது. வந்துபோகும் ஆசிரியர்களால் அலுத்துப்போன வாயிற்காவலன், சாக்ரட்டீஸையும் சோஃபிஸ்ட் என்று எண்ணிக் கதவை அறைந்து சாத்துகிறான். சோஃபிஸ்டுகளின் நூல்கள் சிதறல்களாகவே எஞ்சியுள்ளன. அவர்களைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி அவர்களை விரும்பாத பிளேட்டோ சொன்னவை என்பதால், கேலியைச் சற்றுக் கழித்தே படிக்க வேண்டும்.

காவலனின் குழப்பம் ஊராரின் குழப்பமும்தான். கி.மு. 423இல் அரிஸ்டோபேனிஸ் அரங்கேற்றிய ‘மேகங்கள்’ நாடகம், காசுக்குப் புரட்டு வாதம் கற்பிப்பவராகவே சாக்ரட்டீஸைக் காட்டியது. உண்மையில் அவர் கட்டணம் வாங்கியவர் அல்லர். வீடு உட்பட அவருடைய சொத்து முழுவதும் 5 மினாவுக்குப் போகலாம் என்று, அவருடைய மாணவர் செனபோன் எழுதிய நூலில் சாக்ரட்டீஸே மதிப்பிடுகிறார். எவெனஸ் ஒரு மாணவனிடம் வாங்கிய தொகை அது.

கடைத்தெருவிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் சாக்ரட்டீஸ் கேட்டவை சிறிய கேள்விகள்: வீரம் என்றால் என்ன? நீதி என்றால் என்ன? அவற்றின் அடியில் இருந்த கருத்து பெரியது. நற்பண்பு என்பது ஒருவகை அறிவு. நல்லது எது என்று உண்மையாகவே அறிந்தவன் தெரிந்தே தீமை செய்ய மாட்டான். அறிவு என்றால் கற்பிக்கவும் முடிய வேண்டுமே! ஆனால் கற்பிப்பவர் யாரையும் அவர் காணவில்லை. சலாமிஸ் வெற்றியின் நாயகர் தெமிஸ்டோக்கிளிஸ் தம் மகனைக் குதிரைமேல் நின்றபடி ஈட்டி எறியும் அளவுக்குப் பழக்கினார். தம்முடைய பெருமைக்குக் காரணமான பண்பை அவனுக்குத் தர முடியவில்லை.

இந்தச் சிக்கலைப் பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடல் இன்னும் ஆழமாகத் தோண்டுகிறது. அதில் சாக்ரட்டீஸ் ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, பக்கம் 2 அடி கொண்ட சதுரத்தை வரைந்து, அதைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று கேட்கிறார். சிறுவன் 4 என்கிறான். பரப்பு 16 ஆகிவிடுகிறது. 3 என்கிறான், 9 வருகிறது, வேண்டியது 8. திகைத்து நிற்பவனைக் கேள்விகளாலேயே மூலைவிட்டத்துக்குக் கொண்டுசேர்க்கிறார். தெரியாது என்று உணர்ந்த பிறகே அவனுக்குத் தேடும் ஆசை பிறந்தது என்பது சாக்ரட்டீஸ் எடுத்துக்காட்டும் செய்தி. கற்பித்தலை, கொடுப்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்கு மாறும் சரக்காகக் கண்ட வணிகத்துக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு வேறில்லை.

கி.மு. 399இல், இளைஞர்களைக் கெடுத்தார், நகரத் தெய்வங்களை மதிக்கவில்லை என்று அவர்மேல் வழக்கு வந்தது. சுமார் 500 நடுவர்களில் 30 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் அவர் விடுதலையாகியிருப்பார். ஹெம்லாக் நஞ்சு அருந்தி இறந்தார்.

மாணவர் பிளேட்டோ கடைத்தெருவை விட்டு விலகினார். கி.மு. 387 வாக்கில் நகருக்கு வெளியே, அகாடமஸ் என்ற வீரனின் பெயர் கொண்ட தோப்பருகே அவர் அகாடமி என்ற பள்ளியை நிறுவினார். ‘குடியரசு’ நூலில் அறிவுடைமை, வீரம், தன்னடக்கம், நீதி என்ற நான்கு பண்புகளையும் நகரத்திலும் மனிதனின் உள்ளத்திலும் ஒருங்கே காட்டினார். நன்மையை அறியக் கணிதத்தின் வழியாகப் பல்லாண்டு ஏற வேண்டும் என்றார். ‘நன்மை’ என்ற தலைப்பில் அவர் ஆற்றிய பொதுச் சொற்பொழிவுக்குச் செல்வம், உடல்நலம் பற்றிக் கேட்கலாம் என்று வந்தவர்கள் எண்ணும் வடிவியலும் வரக்கண்டு ஏமாந்தார்களாம்.

அகாடமியில் 20 ஆண்டுகள் இருந்த அரிஸ்டாட்டில், ஒரு மருத்துவரின் மகன். கி.மு. 335இல் லைசியத்தில் சொந்தப் பள்ளி தொடங்கிய அவர், சாக்ரட்டீஸின் கொள்கை கண்முன் காணும் உண்மைக்கு மாறானது என்றார். தவறு என்று தெரிந்தே செய்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். வீடு கட்டிக் கட்டியே கொத்தனாராவது போல, நீதியான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நீதிமானாகிறான். கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் வீரம் இருக்கிறது. அந்த நடுவை இடத்துக்கு இடம் கண்டறியும் நடைமுறை அறிவு அனுபவத்தால்தான் வரும். இளைஞன் வடிவியலில் வல்லவனாகலாம், வாழ்க்கையில் விவேகியாவது அரிது. நற்பண்பைக் கற்பிக்க முடியுமா என்ற பழைய கேள்விக்குக் கிரேக்கர் அளித்த விடைகளில் மிகவும் பக்குவமானது இதுவே.

கி.மு. 300 வாக்கில் சைப்ரஸைச் சேர்ந்த ஜீனோ, கடைத்தெரு ஓரத்து ஓவிய மண்டபத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அவர் வழிவந்த ஸ்டோயிக்குகள் சாக்ரட்டீஸின் பக்கம் திரும்பினர்: நற்பண்பு அறிவே, அது ஒன்றே நன்மை. எபிக்டெட்டஸ் என்ற முன்னாள் அடிமையும் மார்க்கஸ் அரேலியஸ் என்ற ரோமப் பேரரசரும் அந்த மரபினர்.

கி.பி. 176இல் அப்பேரரசர் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், ஸ்டோயிக், எபிக்கூரிய மரபுகளைக் கற்பிக்க ஏதென்ஸில் அரசு ஊதியத்துடன் பதவிகள் ஏற்படுத்தினார். ஊதியம் ஆண்டுக்கு 10,000 டிராக்மா. அந்தத் தொகைக்காக இரண்டு தத்துவ ஆசிரியர்கள் நீதிபதிகள் முன் வசைபாடிக்கொள்ளும் காட்சியை எழுத்தாளர் லூசியன் அங்கதமாக எழுதினார். கி.பி. 529இல் பேரரசர் ஜஸ்டினியன் ஏதென்ஸில் தத்துவம் கற்பிக்கத் தடை விதித்தபோது, டமாஸ்கியஸ் முதலிய ஆசிரியர்கள் பாரசீக அரசவைக்குச் சென்றனர். அரிஸ்டாட்டிலின் ஒழுக்கவியல் நூல் 9ஆம் நூற்றாண்டில் அரபு மொழிக்கும், 13ஆம் நூற்றாண்டில் முழுமையாக இலத்தீனுக்கும் சென்றது. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பாடநூலாகி, தாமஸ் அக்வினாஸின் விரிவுரையையும் பெற்றது.