ஓடும் சைக்கிளில் அச்சைத் தளர்த்தியவர்கள்



நேற்று என் பேரன் மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியரை மாற்றினான். செயின் பின்சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சிக்கியது. நல்லவேளை, கால் ஊன்றிவிட்டான்.

1937 வரை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் அணி வீரர்களுக்கு, செயினைப் பல் மாற்றும் கியருக்கு அனுமதியே கிடையாது. பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். மலை வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டவேண்டும். (நாங்கள் இறங்கித் தள்ளினோம், அவ்வளவுதான்!)

இத்தாலியரான துல்லியோ காம்பன்யோலோ இறங்காமலே மாற்ற ஒரு வழி செய்தார். அதற்கு 'காம்பியோ கோர்சா' என்று பெயர். வீரர் ஓட்டிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டி, ஒரு நெம்புகோலால் பின்சக்கர அச்சைத் தளர்த்துவார். பின்பக்கமாக மிதித்தபடி இன்னொன்றால் செயினை நகர்த்துவார். பிறகு அச்சை மறக்காமல் இறுக்கவேண்டும். 1948இல் ஜினோ பார்த்தாலி அதை வைத்தே டூர் டி பிரான்ஸ் வென்றார். நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது விரல் நுனியில் ஒரு 'கிளிக்' போதும். ஆனாலும் அந்த நொடியில் கால் அழுத்தத்தைக் குறைக்கவேண்டும். மேடு தொடங்கும் முன்பே மாற்றிவிடவேண்டும்.

இன்று காலை பார்த்தேன். செயின் உள்ளே போகாமல் தடுக்கும் 'எல்' ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. கால் சுற்று முடுக்கி, பின்சக்கரத்தைத் தூக்கிப்பிடித்துக் கையால் பெடலைச் சுற்றிப் பார்த்தோம். பெரிய பல்சக்கரத்திலேயே செயின் நின்றது.